நான் கட் பண்ணியது உன்னை அல்ல

தம்பி, எழுத்தைப் பார்த்ததும் இது சீனி மாமாவின் கை என்று உனக்குத் தெரிந்திருக்கும். கை மட்டும்தான் அவனுடையது. சொல்லுகிறவன் உன் அப்பா. கல்யாண வீட்டு மைக்கில் அவன் பேசுகிற அலங்காரத் தமிழை இதில் கலக்கக் கூடாது, நான் சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உட்கார வைத்திருக்கிறேன். முக்கியமான சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீ ஓசூரிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் நான் போனை எடுத்து, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கட் பண்ணிவிடுகிறேன் என்று சீனியிடம் சொன்னாயாம். அப்பாவுக்கு என் குரலே பிடிக்காமல் போய்விட்டது, கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நான் ஊருக்கு வரவில்லை, வந்து அவரை மேலும் நோகடிக்க வேண்டாம் என்றும் சொன்னாயாம். நேற்றுச் சாயங்காலம் சீனி பந்தல்குடி பஜாரிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சண்டையை ஆரம்பித்துவிட்டான்.

"ஏலே, பெத்த பிள்ள போன் போட்டா கட் பண்ணுறியாமே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"எவம்லே சொன்னது?"

"அவந்தான் சொன்னான். அழாத குறையாச் சொன்னான். காது மிசினு வாங்கிக் குடுத்தது ஒரு குத்தமாடா? அதுக்கு இம்புட்டு வைராக்கியமா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது, நீ அங்கே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். விசயத்தைச் சொன்னதும் சீனி தன் தலையில் அடித்துக்கொண்டு, "இதுக்குத்தானா? இப்பவே நான் போன் போட்டுச் சொல்லிர்றேன்" என்று போனை எடுத்தான். நான் விடவில்லை. அவன் சொன்னால், 'கோவமெல்லாம் இல்லையாம்ப்பா' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவான். நீயும் 'சரி மாமா' என்பாய். ஆனால் உன் மனதில் அந்த முள் அப்படியே இருக்கும். நடந்ததை நானே, அடியிலிருந்து சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஆடியில் நீ வந்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் என்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அந்தக் காது மிசின் கடையில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் இந்த பட்டனை அமுக்குங்கள் என்றாள் அந்தப் பெண். எனக்குத் தோற்றுப்போக மனமில்லை. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவார்கள் என்று ஒரு கணக்குப் போட்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "தாத்தா, நான் இன்னும் சத்தமே வைக்கலையே" என்றாள். நீ சிரித்துவிட்டாய். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "எனக்கா காது கேக்கல? மைக் செட்டு கட்டிச் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் கேக்க வச்சவன்டா நான்" என்று நான் கத்தியது நிசம். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்ததும் நிசம். ஆனால் அந்தக் கோபம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. பஸ்ஸில் அருப்புக்கோட்டை வரைக்கும் நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ அதைக் கோபத்தின் மிச்சம் என்று நினைத்திருப்பாய். நீ வாங்கி மாட்டிவிட்ட மிசினில் நான் கேட்டுக்கொண்டு வந்தேன் தம்பி. பின் சீட்டில் ஒரு பெண் புளிப்பு மிட்டாய்த் தாளைப் பிரித்தாள், அந்தச் சரசரப்பு கேட்டது. கண்டக்டர் சில்லறையைப் பைக்குள் போட்டுக் குலுக்கினார், அது கேட்டது. நீ தூங்கிப்போய் லேசாகக் குறட்டை விட்டாய். நீ சின்னதில் விடுவாயே, மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி, அதே குறட்டை. அதைக் கேட்டுக்கொண்டு வரும்போது எவன் பேசுவான்?

வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நீ ஓசூர் போய்ச் சேர்ந்து போன் போட்டாய் பார், அங்கேதான் வினை. மிசின் மாட்டியிருந்த காதில் என் பட்டன் போனை வைத்தேன். உள்ளே, 'ட்டிட்டி ட்டிட்டி ட்டிட்டி ட்ர்ர்ர்' என்று ஒரு இரைச்சல். உன் குரல் அதற்கு அடியில் எங்கேயோ கிடந்தது. அது என்ன இரைச்சல் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் ஆம்ப்ளிக்குப் பக்கத்தில் எவனாவது செல்போனை வைத்தால் ஸ்பீக்கர் பாக்ஸில் கிளம்புமே, அதேதான். காற்றில் போகிற போன் அலையை இந்தக் குட்டி மிசின் பிடித்துச் சத்தமாக்கிவிடுகிறது. என் கை போனைக் கட் பண்ணிவிட்டது. நான் யோசித்துக் கட் பண்ணவில்லை. ஸ்பீக்கரில் ஒவ்வாத சத்தம் வந்தால் மைக் செட்காரன் முதலில் அதை அடக்குவான், எங்கேயிருந்து வருகிறது என்று அப்புறம்தான் தேடுவான். சபை நடுவில் சத்தத்தை ஓடவிட்டுக்கொண்டு காரணம் தேட முடியாது. அந்தப் பழக்கம் மூளைக்குப் போகாமல் நேரே கைக்கு வந்துவிட்ட பழக்கம். மிசினைக் கழற்றிவிட்டுப் பேசினால் போனில் வெறும் கொசுச் சத்தம்தான், வார்த்தை பிடிபடாது. மாட்டினால் இரைச்சல். நீ மறுபடி கூப்பிட்டாய், என் கை மறுபடியும் கட் பண்ணியது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை உனக்குச் சொன்னதில்லை. உன் அம்மா இருந்திருந்தால் என்னைச் சொல்லவிட்டிருக்க மாட்டாள், அவளே சொல்லிச் சிரித்திருப்பாள். நரிக்குடிக்கு மேற்கே அவள் ஊர். அன்றைக்கு எனக்கு அது அம்மன் கோயில் பொங்கலுக்கு மைக் கட்டப் போன ஓர் ஊர், அவ்வளவுதான். மழை ஏமாற்றியிருந்த வருசம். கரிசல் வெடித்துக் கால் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது. வேண்டாத சத்தத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்குத்தானே எர்த்துக் கம்பி அடிக்கிறோம். ஈரம் இருந்தால்தான் மண் அதை வாங்கிக்கொள்ளும். நம் பக்கத்துக் காய்ந்த தரையில் சும்மா அடித்தால், அது வேட்டி காயப்போட மட்டும்தான் உதவும். உப்பும் அடுப்புக்கரியும் போட்டு ஒரு குடம் தண்ணீராவது ஊற்ற வேண்டும். ஊருணிப் பக்கமிருந்து இடுப்பில் குடத்தோடு நாலைந்து பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவளிடம், "ஏந்தாயி, அந்தத் தண்ணிய இந்தக் கம்பியில கொஞ்சம் ஊத்திட்டுப் போறீகளா?" என்று கேட்டேன்.

"எதுல?"

"இந்தா, இந்த எர்த்துக் கம்பியில."

"மனுசன் குடிக்கவே ஊருணியில ஊத்துத் தோண்டி, செரட்டையில கோரிக் கோரி எடுத்துட்டு வாரோம். இரும்புக்குத் தாகமாக்கும்? ஏ மைக் செட்டு, ஒங் கம்பிக்கு டவுனுல இருந்து ஒரு சர்பத்து வாங்கியாந்து ஊத்து!"

மற்றவர்கள் குடம் தளும்பத் தளும்பச் சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. வேறு யாரிடமும் கேட்கவில்லை. காய்ந்த மண்ணில் அடித்த கம்பியோடு, கோயிலிலிருந்து அரச மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வரைக்கும் நீளமாக ஒயரை இழுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நீள ஒயர் என்பது ரேடியோவுக்குக் கட்டுகிற ஏரியல் மாதிரிதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பொழுது சாயும் நேரம் சாமி இறங்கியது. சாமியாடி கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் முன்னால் வந்து, "இந்த வருசமாச்சும் மழ உண்டா தாயி, இல்லையா? சொல்லிரு" என்று கைகூப்பினார். சாமியாடி மூச்சை இழுத்தார். அந்த இடைவெளியில் அரச மரத்துக் குழாயிலிருந்து இதமான ஒரு பெண் குரல் வந்தது. "பருத்தியில் காய்ப்புழுத் தாக்குதல் தென்பட்டால் விவசாயிகள் கவலைப்பட வேண்டாம்" என்றது. எங்கோ இருக்கிற ரேடியோ நிலையத்தின் உழவர் நிகழ்ச்சி, நான் இழுத்துக் கட்டிய ஒயர் வழியாக உள்ளே புகுந்துவிட்டது. பாதிச் சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டு தரையில் விழுந்தது. அந்தப் பெரியவர் நிமிர்ந்து பார்த்து, கண்ணில் தண்ணீரோடு, "எந்த மருந்து தாயி அடிக்க?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஒருவன், "யோவ், அது ரேடியோய்யா!" என்று கத்தினான். சாமியாடி கண்ணை உருட்டிக்கொண்டு, "எவண்டா என் வாசல்ல ரேடியோ வச்சவன்?" என்று அரிவாளைத் தூக்கினார். என் கை ஆம்ப்ளிக்குப் பாய்ந்து எல்லாவற்றையும் அணைத்தது. ரேடியோ நின்றது. மைக்கும் நின்றது. அந்த மௌனத்தில்தான் சாமி மழையைப் பற்றிய வாக்கைச் சொன்னது. முன்னால் நின்ற சிலரைத் தவிர யார் காதிலும் விழவில்லை. முன்னால் நின்றவர்களில் ஒருவர் உண்டு என்றார், ஒருவர் இல்லை என்றார். அந்த ஊரில் அந்த வழக்கு ரொம்ப நாள் ஓடியது.

எல்லாரும் என்னை வைதார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்பிக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தேன். அந்தக் குடத்துக்காரி வந்தாள். ஒன்றும் கேட்காமல் குடத்தைச் சாய்த்து முழுத் தண்ணீரையும் கம்பியில் ஊற்றினாள். "இன்னொரு தடவ எங்க அம்மன மருந்துக் கடைக்காரி ஆக்கிறாதீக" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வருசம் அதே பொங்கலுக்கு நான் மைக் கட்டப் போகவில்லை, பெண் கேட்டுப் போனேன். "கம்பிக்குத் தண்ணி கேட்டவுகதானே?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு என் கூட எத்தனையோ ஊருக்கு அவள் வந்தாள். போன இடத்தில் நான் ஒயரை இறக்குவதற்குள் யார் வீட்டிலாவது சிநேகம் பிடித்து ஒரு குடம் தண்ணீர் வாங்கிவிடுவாள். அவள் கேட்டு இல்லை என்று சொன்ன வீடு ஒன்றுகூட இல்லை. காய்ந்த ஊர்க்காரர்கள்தான் தண்ணீரை அப்படிக் கொடுப்பார்கள்.

அப்புறம் செல்போன் வந்தது. அந்தச் சத்தத்தை முதலில் பிடித்தவன் நீதான். அருப்புக்கோட்டையில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த சமயம், லீவு நாளில் திருச்சுழிக் கல்யாணத்துக்கு என்னோடு வந்தாயே, நினைவிருக்கிறதா? முகூர்த்த நேரம். ஐயர் மந்திரம் சொல்கிறார். பாக்ஸில் 'ட்டிட்டி ட்டிட்டி' என்று ஆரம்பித்தது. நான் ஒயரை ஆட்டிப் பார்க்கிறேன், எர்த்தைப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. நீ விறுவிறுவென்று மேடையேறி, தாலியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குள் கையை விட்டாய்.

"ஏலே, யாருடா அவன், மாப்ள பையில கைய விடுறது?"

"பிடிங்கடா அவன!"

"போன் மாமா, போன்! இதுதான் கத்துது" என்று நீ அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாய். பெண்ணுக்குத் தாய்மாமன் உன் சட்டையைப் பிடித்துவிட்டார். மேளக்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் குச்சியை ஓங்கியபடி நின்றார். அதற்குள் மணப்பெண் குனிந்த தலை நிமிராமல், "மாமா, அவரு சரியாத்தான் செய்றாரு, சத்தம் நின்னுருச்சு பாருங்க" என்றாள். நின்றுவிட்டது. தாலி கட்டியாயிற்று. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் சீனி எடுத்த எடுப்பில், 'மேடையில் இருப்பவர்கள் செல்போனைத் தள்ளி வைக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்' என்று அறிவிப்பான். நீ கம்ப்யூட்டர் ஒயரில் இருக்கிற கருப்பு வளையங்களைக் கொண்டுவந்து என் மைக் ஒயர்களில் மாட்டிவிட்டாய். ஒயரை அதற்குள் இரண்டு சுற்றுச் சுற்றி விட்டால் காற்றில் வருகிற இரைச்சல் அதோடு அடங்கிவிடும் என்றாய். அடங்கியது. மெயின் கரண்டு ஒயர் பக்கத்தில் மைக் ஒயரைப் படுக்கப் போடாதே, கடக்க வேண்டியிருந்தால் சிலுவை மாதிரிக் குறுக்கே கட என்று நான் சொல்வேன். நீ ஏன் என்பதைச் சொல்வாய். இரண்டு பேரும் சேர்ந்து ஒயர் சுருட்டிய நாட்களை நான் சொல்லச் சொல்ல, சீனி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். பார்க்கட்டும்.

ஆக, 'தம்பி, அந்தப் பழைய மாப்பிள்ளைச் சத்தம் என் காதுக்குள் வருகிறது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அந்த நிமிசமே புரிந்துகொண்டிருப்பாய். ஏன் சொல்லவில்லை? வெட்கம்தான். ஊரார் ஸ்பீக்கரில் வந்த இரைச்சலையெல்லாம் விரட்டினவன் தன் காதில் வருவதை விரட்ட முடியாமல் பிள்ளையைக் கேட்பதா என்று இருந்தது. முதலில் சரிபண்ணிவிடுவோம், அப்புறம் நானே கூப்பிட்டு அசத்துவோம் என்று தள்ளிப்போட்டேன். இங்கே நான் சத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், அங்கே நீ என் மௌனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். இரைச்சலை அணைத்தால் கூடவே வாக்கும் போய்விடும் என்பதை அரச மரத்தடியில் பார்த்தவன் நான். பார்த்தும் கைக்கு அது படியவில்லை. உனக்கும் வீட்டில் இப்படி நேரம் வரும். உன் பெண்டாட்டி ஏதாவது கத்துவாள், உன் மகள் வளர்ந்து கதவைச் சாத்துவாள். சத்தம் வந்த உடனே அணைக்காதே. அதற்கு அடியில் ஒரு குரல் கிடக்கும். இதற்கு மேல் புத்தி சொன்னால் சீனி அதற்கு மைக்கில் பேசுகிற மாதிரி மாலை போட்டுவிடுவான்.

இன்றைக்குக் காலையிலிருந்து நாங்கள் என்ன செய்தோம் என்று கேள். வாடகைக்குப் போகிற செட்டெல்லாம் சீனியின் மருமகன் கையில் நன்றாக ஓடுகிறது. என்னிடம் இருப்பது ஒரு ஆம்ப்ளியும் ஒரு பாக்ஸும்தான். போனைக் காதில் வைத்தால்தானே மிசின் கத்துகிறது? தள்ளி வைத்துவிட்டோம். ஜன்னல் ஓரத்தில்தான் சிக்னல் முழுசாக இருக்கிறது. சிக்னல் இல்லாத மூலையில் வைத்தால் போன் டவரைத் தேடி இன்னும் பலமாகக் கத்தும், இரைச்சலும் கூடும். ஜன்னலில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, எதிரே மைக்கை நிறுத்தினோம். முதலில் மைக் ஒயரே போன் அலையை வாங்கி 'ட்டிட்டி' என்றது. பார்த்தால் ஒயருக்குள் சுற்றியிருக்கிற கம்பி வலை ஒரு முனையில் அறுந்து கிடந்தது. சத்தத்துக்கு வேலியே அதுதானே. அதை ஈயத்தால் பற்றவைத்து, வளையத்தை மாட்டி, ஒயரைப் போனுக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தோம். எர்த்துக்கு நம் தென்னைக்குப் பாய்கிற ஈரத்திலேயே கம்பி இறக்கினேன். சீனி தெருமுக்கில் போய் நின்று போன் போட்டான்.

"அன்பார்ந்த பந்தல்குடி வாழ் பெருமக்களே!" என்று பாக்ஸ் அதிர்ந்தது. எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து, "என்னங்கய்யா, யாரு வீட்டுல விசேசம்?" என்று கேட்டாள்.

"எம் மகன் பேசப்போறான் தாயி."

"அதுக்கு ஊருக்கே மைக்கா?"

"ஒனக்கும் சேத்துத்தான்."

ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. இரைச்சல் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு முறை முனகுகிறது. நடுவில் எப்போதாவது ஒரு 'ட்டிட்' வருகிறது. பெரிய போன் வாங்கினால் அதுவும் குறையும் என்கிறான் மருமகன். அது அப்புறம். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு. ஒரு சங்கடம் இருக்கிறது. பாக்ஸ் சத்தமாக இருக்கும்போது நான் பேசினால் எல்லாம் குழம்பி உனக்கே உன் குரல் திரும்பி வரும். அதனால் நீ முழுசாகப் பேசி முடி, நான் பாக்ஸைக் குறைத்துவிட்டுப் பதில் சொல்வேன். அதுவரை பொறுத்திரு. இரைச்சல் வந்தாலும் நான் கட் பண்ண மாட்டேன், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன். லைன் போய்விட்டதோ என்று நீயும் வைத்துவிடாதே. பங்குனிப் பொங்கலுக்கு நீயும் மருமகளும் பேத்தியும் வருகிறீர்களா என்பதை அப்போது சொல். வருவதாக இருந்தால் சத்தமாகவே சொல், எனக்கு ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் தெருவில் யாராவது கேட்டுச் சொல்லிவிடுவார்கள். வரவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்.